ஜெசிந்தா தேர்ந்தெடுத்த வெளிச்சம்

வாரியத்திலிருந்து ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்ததிலிருந்து ஜெசிந்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடலில் பவளம் செத்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மிஞ்சிய துண்டுகளைப் பவள வாரியம் தூத்துக்குடி வீடுகளுக்குக் கொடுத்து, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கச் சொல்லியிருந்தது. அவை நலமா என்று அறிய வாரியம் கண்டுபிடித்த கருவிதான் நிறமானி. எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு மதிப்பெண். குறைந்தால் துண்டு வேறு வீட்டுக்குப் போய்விடும். அதனால் ஊரே விளக்குக் கடையில் தவம் கிடந்தது. அங்கே விற்ற விளக்கெல்லாம் வாரியத்தின் இணைப்பில் இருந்தவை.

ஜெசிந்தாவின் பவளம் பழங்கோணி நிறத்தில் இருந்தது. அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. இரை போட்டதும் அது குட்டிக் குட்டி வாய்களைத் திறந்து வாங்கும்போது, பிள்ளையில்லாத அந்த வீடே நிறைந்துவிடும். ஆனால் போன முறை மதிப்பெண் படுமோசம். கடைக்கு ஓடினாள். சேலை எடுப்பதுபோல ஒவ்வொரு விளக்காகப் போட்டுக் காட்டச் சொல்லி, ஓர் ஊதா வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தாள். சேலையென்றால் வாசல் வெயிலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்திருப்பாள். இதற்கு அது தோன்றவில்லை.

சில வாரங்களில் பவளம் ரோஜா நிறத்தில் தகதகத்தது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

இன்று காலை தொட்டியைத் துடைக்க விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை விலக்கினாள். வெயிலில், அந்த ரோஜா நிறத்துக்கு அடியில் எலும்பு வெள்ளை தெரிந்தது. இரை போட்டாள். ஒரு வாயும் திறக்கவில்லை. பதறிப்போய்த் தேடிப் படித்தாள். வெளிச்சம் மிஞ்சினால், தனக்குச் சோறு போடும் பழுப்புப் பாசியைப் பவளம் வெளியே தள்ளிவிடுமாம். சூடு தாங்காமல் நிறத்தைச் சுரந்து போர்த்திக்கொள்ளுமாம்.

கணவன் ரெமிஜியூஸ் குரலைத் தாழ்த்தினான். "வாயத் தெறக்காத. மார்க்கு வாங்கிட்டு, அவங்க போனதும் வெளிச்சத்தக் கொறச்சிக்கிடலாம்."

அவளும் தலையாட்டினாள். அதை நினைத்தால் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஆய்வாளர் புஷ்பகலா நிறமானியைத் தொட்டியருகே நீட்டினார். முள் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது. அதுவரை சிரிக்காத முகம் மலர்ந்தது.

"இந்த வட்டாரத்துலயே உங்க வெளிச்சந்தான் ஒசத்தி. வாரியத்து இணைப்பு வழியா எல்லா வீட்டு வெளக்குக்கும் இதையே அனுப்பிட்டேன். இனிமே யாரும் மாத்த முடியாது, அணைக்கவும் முடியாது."

ஜெசிந்தா தொட்டியைக் காட்டினாள். "மேடம், அது நல்லா இருக்கறதால மின்னல. வெந்துக்கிட்டு இருக்கு."

புஷ்பகலா நிறமானியைத் தட்டிக் காட்டினார். "மெஷின் பொய் சொல்லாதும்மா." பழுப்பாக இருந்த பவளங்களையெல்லாம் நோயென்று ஒதுக்கியாகிவிட்டது என்றும் சொன்னார்.

ஜெசிந்தா விளக்கின் பொத்தானை அழுத்தினாள். அணையவில்லை. மறுபடி அழுத்தினாள். பிறகு கொடியில் கிடந்த துண்டை உருவித் தொட்டியின் மேல் போர்த்தினாள். நிறமானி அலறத் தொடங்கியது. ரெமிஜியூஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். பவளம் பறிபோகப்போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். எதிர்க் குடியிருப்பில் வீடு வீடாக ஊதா வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. யாரோ கை தட்டினார்கள். போர்த்த அவளிடம் இருந்தது ஒரே ஒரு துண்டு.