முதலில் டீச்சரிடம்

ஆண்டு விடுமுறைக்குப் பள்ளி மூட இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. மற்ற பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ரூபினிக்கோ அன்று காலையிலேயே உயிர் போய் உயிர் வந்தது.

ரூபினி ஐந்தாம் ஆண்டு மாணவி. குருண் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தில் அவள் வீடு. பள்ளி வேன் ஓட்டும் முருகையாவுக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவளையும், சசிதரன், குகன் என்ற இரண்டு வாண்டுகளையும் பிரேமாவதி டீச்சர்தான் தம் காரில் ஏற்றிப் போகிறார். "ரெண்டு நாளைக்குத்தானே" என்று தொடங்கியது, இரண்டு மாதமாகிவிட்டது. நல்ல மனசுக்காரர்களிடம் வேலை அப்படித்தான் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அன்றும் கார் செம்பனை மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. பின்னால் வாண்டுகள் சன்னல் ஓரத்துக்குச் சண்டை போட்டார்கள். முன்னால் இருந்த ரூபினி தற்செயலாகத் திரும்பினாள். டீச்சரின் கண்கள் மூடியிருந்தன. கார் சாலையை விட்டு விலகிக்கொண்டிருந்தது.

"டீச்சர்!"

கார் குலுங்கி நின்றது. முன் சக்கரத்துக்கும் பெரிய கால்வாய்க்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. கால்வாயில் மழைத்தண்ணீர் சுழித்து ஓடியது.

"என்னா டீச்சர், மாடு வந்துச்சா?" என்றான் சசிதரன்.

டீச்சர் கண்ணைக் கசக்கினார். "ஆமாப்பா, மாடு," என்றார்.

மாடும் இல்லை, கன்றும் இல்லை. அது ரூபினிக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது டீச்சருக்கும் தெரியும்.

பள்ளியில் இறங்கியதும் டீச்சர் அவளைத் தனியே அழைத்தார். "வீட்டுல சொல்லிப் பயமுறுத்த வேணாம்மா. இன்னும் எட்டு நாளுதான். எப்படியாவது சமாளிச்சிடுறேன்."

ரூபினி தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் ஏன் ஆட்டினோம் என்று இருந்தது.

டீச்சருக்குத் தலைக்கு மேல் வேலை. கமலி டீச்சர் பிள்ளை பெறப் போனதால் அவர் வகுப்பும் இவர் தலையில். பிள்ளைகள் திருப்பித் தரும் பாடநூல்களைச் சரிபார்க்க வேண்டும். ஆண்டு விழா ஆட்டமும் இவரே சொல்லித்தர வேண்டும். போதாததற்கு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றும் வேலை வேறு. அன்று கரும்பலகையில் ஒரே கணக்கை மூன்று முறை எழுதினார். யாரும் சிரிக்கவில்லை.

"பகல்ல இன்டர்நெட் லைன் கிடைக்க மாட்டேங்குது. விடியக்காலை மூணு மணிக்கு எழுந்தாதான் மார்க்கு உள்ள போகுது," என்று அவர் யாரிடமோ கைப்பேசியில் சொன்னது ரூபினியின் காதில் விழுந்தது.

ஓய்வு நேரத்தில் ரூபினி நாசி லெமாக் சோற்றைச் சும்மா கிளறிக்கொண்டே இருந்தாள். அம்மாவிடம் சொன்னால்? தோட்டத்தில் ஒன்றைப் பத்தாக்கிவிடுவார்கள். 'டீச்சர் பிள்ளைங்களைக் கால்வாயில தள்ளப் பாத்தாங்க' என்று சாயங்காலத்துக்குள் கதை ஊர் சுற்றிவரும். சொல்லாவிட்டால்? நாளைக்கும் அதே சாலை, அதே கால்வாய். எதிரே சசிதரன் வாயெல்லாம் மீ கோரெங்கோடு சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இன்னும் மாடுதான்.

ரூபினி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பாடநூல் அறைக்குப் போனாள். டீச்சர் புத்தகக் குவியலுக்கு நடுவே நின்றிருந்தார்.

"டீச்சர், நான் சொல்லப் போறேன்."

டீச்சர் நிமிர்ந்தார்.

"எங்கம்மாகிட்டயும் பெரிய சார்கிட்டயும் சொல்லப் போறேன். உங்களுக்குத் தெரியாம சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். அதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன்."

"என்னை உனக்குப் பிடிக்கலையாம்மா?"

"பிடிக்கும் டீச்சர். சசியையும் பிடிக்கும். காடி கால்வாயில விழுந்தா நாலு பேரும்தானே விழுவோம்? நீங்களும்தானே?"

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். டீச்சர்கள் அழுது ரூபினி பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல், கீழே சரிந்த புத்தகங்களை எடுத்து அடுக்கினாள். அடுக்கி முடிப்பதற்குள் டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வா. நானே சொல்றேன்."

தலைமையாசிரியர் பரஞ்சோதியைப் பிள்ளைகள் பெரிய சார் என்பார்கள். அவர் இருமினாலே ஆறாம் ஆண்டு வகுப்பு எழுந்து நிற்கும். "சார், இன்னிக்குக் காலையில..." என்று தொடங்கிய டீச்சரால் மேலே பேச முடியவில்லை. மீதியை ரூபினி சொன்னாள். கால்வாயையும் சொன்னாள், அந்த ஒரு முழத்தையும் சொன்னாள், காதில் விழுந்த மூன்று மணியையும் சொன்னாள்.

அவர் கத்தவில்லை. "மூணு மணிக்கு எழுந்திரிக்கிறீங்களா? என்கிட்ட ஏன் சொல்லலை டீச்சர்?"

"நீங்களும் அந்த நேரத்துலதானே சார் எழுந்திரிக்கிறீங்க."

 அவர் மேசையிலிருந்த கோப்புகளை ஓரமாக நகர்த்தினார். "மார்க்கு வேலையை விட முடியாது, அது மேலிடத்து உத்தரவு. மிச்சம் இருக்கிறதை நான் ஏத்துறேன். புத்தகத்தையும் நான் பாத்துக்கிறேன். வேற எதைக் குறைக்கலாம்?"



குறைக்கக்கூடியது ஒன்று இருந்தது. அது ரூபினிக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

"ஆண்டு விழா ஆட்டத்தை விட்டுடலாம் சார்."

"நீதானேம்மா முன்னால நின்னு ஆடுறே? ஒரு மாசமா பழகுறீங்களே!"

"ஆமா சார். மத்தவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவள் அடக்கவில்லை.

பெரிய சார் அங்கேயே ரூபினியின் அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார். தொழிற்சாலையில் வேலையிலிருந்த அம்மா இயந்திரச் சத்தத்தை விட்டு வெளியே வந்து கேட்டார். பிறகு படபடவென்று திட்டினார். திட்டி ஓய்ந்ததும், "நாளையிலேருந்து பக்கத்து வீட்டு ராமையா அண்ணன் காடியில அனுப்புறோம் சார். அவரு முடியாத அன்னைக்கு நாங்க முறை வச்சுக் கொண்டாந்து விடுறோம். டீச்சரை முதல்ல தூங்கச் சொல்லுங்க லா," என்றார்.

மதியம் பெரிய சாரே காரை எடுத்தார். டீச்சரை முதலில் கிளினிக்கில் காட்டி, இரண்டு நாள் எம்சி விடுப்பு வாங்கிக் கொடுத்தார். மூன்று பிள்ளைகளும் பின்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். கார் பெரிய சாலையில் ஏறுவதற்குள் டீச்சர் முன் இருக்கையில் தூங்கிப்போனார்.

பெரிய சாருக்குத் தோட்டத்துக்கு வழி தெரியாது. "சார், இந்தப் பக்..." என்ற சசிதரனின் வாயை ரூபினி பொத்தினாள். கண்ணாடியில் அவருக்குத் தெரியும்படி வலது கையைக் காட்டினாள். அவர் இடது பக்கம் திருப்பினார். கார் ஒரு கோழிப் பண்ணையின் வாசலில் போய் நின்றது. குகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சட்டையைக் கடித்துக்கொண்டான்.

ஒருவழியாக வீடு வந்தது. மூவரும் ஓசையில்லாமல் இறங்கினார்கள். கதவைச் சாத்தினால் சத்தம் கேட்குமே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பள்ளியையே அதட்டும் பெரிய சார் வெயிலில் இறங்கி வந்தார். இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்ல மெல்லச் சாத்தினார்.