சாவுக்கு ஒன்று

கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்து, ட்ராமில் நாற்பது நிமிடம் கொண்டுவந்த மீன் பை, வீடு வந்து சேர்ந்த பிறகும் சில்லென்றே இருந்தது. பிர்னோ நகரத்தில் குளிர்காலத்தில் வளர்ப்பு மீன் வாங்குகிற எல்லாரும் பையைச் செய்தித்தாளில் சுற்றி இப்படித்தான் எடுத்து வருவார்கள். உடம்புச் சூடு தண்ணீருக்கு ஏறிக்கொள்ளும். வெந்துலாவுக்கு நடந்தது நேர் எதிர். பை இருந்த இடத்தில் அவள் நெஞ்சு விறைத்துக் கிடந்தது.

காலையில் கலாசார மன்றத்து ஞாயிற்றுச் சந்தையில், கடைசி மேசைக் கிழவரிடம் பத்து நியான் மீன்கள் வாங்கினாள். கிழவர் எண்ணிப் போட்டுவிட்டு, மேலே ஒன்றை அள்ளிப் பைக்குள் விட்டார்.

“இது சாவுக்கு,” என்றார்.

அங்கே எல்லா வியாபாரிகளும் செய்வதுதான். வழியில் ஒன்று செத்தாலும் கணக்குக் குறையாமல் இருக்க ஒன்று கூடுதலாகப் போடுவார்கள். அதற்கு மட்டும் யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள்; சொன்னால் சாவை வீட்டுக்கு அழைத்ததாகிவிடும். பக்கத்து வீட்டில் செடிக்குச்சி வாங்கினால், நன்றி சொன்னால் செடி பட்டுப்போகும் என்று எப்படி வாயை மூடிக்கொண்டு வருவார்களோ, அப்படி. ஆனால் வெந்துலா, கணவன் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் டாக்டருக்கும் நர்சுக்கும் தரை துடைக்கிறவளுக்கும் நன்றி சொல்லிச் சொல்லியே பழகியவள். நாக்கு சும்மா இருக்கவில்லை.

“ரொம்ப நன்றிங்க.”

கிழவரின் கை அப்படியே நின்றது. “சாவுக்குப் போட்டதுக்கு நன்றி சொல்லுவாங்களாம்மா?”

“வாய் தவறி வந்துடுச்சு. அந்த ஒண்ணைத் திருப்பி எடுத்துக்குங்க.”

“எதைன்னு எடுக்கறது? பதினொண்ணும் ஒரே மாதிரி இருக்கே.” அதற்கு மேல் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் கூடத்துத் திரைகளை இழுத்து மூடினாள். தொட்டி விளக்கையும் அணைத்தாள். புது மீனுக்கு வெளிச்சம் ஆகாது. உச்சிப் பொழுதிலேயே கூடம் இருண்டது. பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டபோது, படுக்கையறையிலிருந்து கணவன் ராடிமின் குரல் வந்தது.

“வெந்தா, என்ன ஒரே இருட்டு?”

“புது மீன் வந்திருக்கு. நீ பேசாம படு.”

“பழசெல்லாம்?”

“வயசாச்சு, போயிடுச்சு.”

“எல்லாத்துக்கும் ஒரே நாள்லயா வயசாச்சு?” சிரித்தான். சிரித்ததும் நெஞ்சுத் தையல் இழுத்து இருமினான்.

அவன் ஆஸ்பத்திரியில் இதய ஆபரேஷன் ஆகிக் கிடந்த நாட்களில், அவள் தொட்டிப் பக்கமே போகவில்லை. ஒன்றுவிடாமல் செத்துப்போயின. அவன் வீடு திரும்பிப் பத்து நாளாகிறது. இன்று சாயங்காலம் எழுந்து கூடத்தில் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வெறும் தொட்டியைப் பார்க்கக் கூடாது. அவளுக்கு வேறு ஆசை இல்லை. அவன் பிழைத்தால் போதும்.

“தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விடு,” என்றான் உள்ளேயிருந்து. “வினாடிக்கு ரெண்டு. அவசரப்பட்டா அதிர்ச்சியிலயே செத்துடும்.”

“நீதானே சொல்லிக் கொடுத்தே. தண்ணி போதும்னா வலையால அள்ளித் தொட்டியில விடணும். தெரியும்.”

மீன்களைப் பைத் தண்ணீரோடு வாளியில் விட்டு, தொட்டியிலிருந்து மெல்லிய குழாயை இறக்கி, நடுவில் முடிச்சுப் போட்டாள். சொட், சொட். பாசி வாடையும் தொட்டிக்குள் கிடந்த பழைய மரத்தின் ஈர வாடையும் கூடத்தில் மெல்லப் பரவின. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பூண்டு சூப்பின் மணம் அந்த வாடைக்குள் அமுங்கிப்போயிற்று. அவள் கணப்பைக் கூட்டி வைத்தாள். அப்படியும் கால்விரல்கள் மரத்தன.

தண்ணீர் இரண்டு மடங்கானதும் டார்ச்சைத் துணியில் மூடிப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். பத்து.

மறுபடி எண்ணினாள். பத்துதான். ஒன்று செத்திருந்தால் நல்லது, கழிந்தது என்று நினைத்து வாளியின் அடியைத் தடவினாள். உடம்பு இல்லை. பைக்குள் இல்லை. செய்தித்தாளை உதறினாள், தரையைத் துழாவினாள். எங்கும் இல்லை. 

குழாயை இறுக முடிந்தாள். சொட்டு நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

சொட், சொட். வினாடிக்கு இரண்டு. படுக்கையறையிலிருந்து.

“ராடிம்?”

 நடந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு. அந்த அறைத் திரையை அவள் மூடவில்லை. யார் மூடியது? காலடியில் கம்பளம் நீரில் ஊறிப்போய்க் குழைந்தது. பாசி வாடை.

“ராடிம், எழுந்திரு. மேல எங்கயோ குழாய் உடைஞ்சிருக்கு.”

“இப்பக் குளிரலை,” என்றான். அவன் குரல்தான், ஆனால் நிதானமாக, தூரத்திலிருந்து வந்தது. “முதல்ல குளிருச்சு. இப்பப் பழகிடுச்சு.”

கையைப் பிடித்து இழுத்தாள். ஐஸ் கட்டியாக இருந்தது.

“இழுக்காதே வெந்தா. அவசரப்பட்டா செத்துடுவேன்.”

விட்டாள். பிடிக்கவும் பயம், விடவும் பயம். என்ன செய்வாள்? ஒரு கையால் மறுபடி அவன் கையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் எட்டித் திரையைப் பிய்த்து இழுத்தாள்.

சாம்பல் நிற வெளிச்சம் கட்டிலில் விழுந்தது. ராடிம் அதற்கு அஞ்சிச் சுவரோரம் ஒடுங்கினான். போர்வை, தலையணை, தலைமுடி எல்லாம் நனைந்து ஒட்டியிருந்தன. கண்கள் இமைக்கவில்லை. வாய் திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. நெஞ்சு அசையவே இல்லை. அவன் நெற்றியில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

பிறகு சொட்டு நின்றது.

தண்ணீர் போதும் என்றால் அடுத்து என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

“நான் வாய் தவறித்தான் சொன்னேன்,” என்றாள், யாரிடமென்று தெரியாமல். “திருப்பி எடுத்துக்குங்க. நன்றி இல்லை. வேண்டாம்.”

போர்வையின் மேல் ஒரு நிழல் இறங்கியது. சின்னச் சின்னச் சதுரங்கள். வலைக் கண்கள். அவள் அண்ணாந்து பார்க்கவில்லை. நிழல் அவசரமே இல்லாமல் இறங்கி, ராடிமின் காலைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, கோர்த்துப் பிடித்திருந்த இருவர் கைகளுக்கும் வந்து நின்றது. அதில் அவன் கை மட்டும் வலைக்குள் இருந்தது.