எஃப்ரேனின் மூச்சு

மீட்டர் அலறியபோது அர்னுல்ஃபோ சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கப்பலின் எண்ணெய்த் தொட்டிகளின் பக்கம் போகும்போது மார்பில் மாட்டிக்கொள்ளும் கேஸ் மீட்டர் அது. மேலே, ஜன்னல் வழியாக மத்தியான வெயில் விழும் கேபினில், சோப்பு மணக்கும் போர்வைகளுக்கு நடுவே அது அலற ஒரு காரணமும் இல்லை.

கீழ்ப்படுக்கையில் எஃப்ரேன் கிடந்தான். முந்தாநாள்தான் விஷவாயுவில் மயங்கி விழுந்த அவனைத் தொட்டிக்குள்ளிருந்து கயிறு கட்டித் தூக்கினார்கள். முகமூடிகூடப் போடாமல் அவனுக்காக இறங்கிய மேஸ்திரி ஹெர்மி உயிரோடு மேலே வரவில்லை. இருவரும் சொந்த ஊரான செபுவில் ஒரே தெரு. இறைச்சி வைக்கும் குளிர் அறையில் ஒரு மூலையை ஒழித்து ஹெர்மியைக் கிடத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து கப்பலில் யாரும் கறி தொடவில்லை.

"மெஷின் கெட்டுப்போச்சுடா," என்றான் எஃப்ரேன். மீட்டர் மறுபடி அலறியது. அவன் வாயை மூடியதும் நின்றது.

"உன் வாய் நாத்தம் அப்படி. பல்லு விளக்குனியா?"

எஃப்ரேன் சிரிக்கவில்லை.

அர்னுல்ஃபோ மீட்டரை நடைவழிக்கு எடுத்துப் போனான். பூஜ்யம். வாசலில் பூஜ்யம். தலையணைக்கு அருகே கொண்டுவந்தான். எஃப்ரேன் மூச்சு விட விட எண் ஏறியது. இரண்டு இழுப்பில் ஆளைச் சாய்க்கும் எண். கூடவே அழுகிய முட்டை வாடை மெல்ல வந்து மூக்கில் ஏறியது.

"எந்திரி. வெளிய போய்க் காத்தாட நிக்கலாம்."

எஃப்ரேன் உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் பேசினான். "வாயைத் தொறந்தா அண்ணன் ஏறி வர்றாருடா."

"எந்த அண்ணன்?"

எஃப்ரேனின் கண்களில் நீர் தளும்பியது. பொத்திய கை தானாக விலகியது.

வாடை நின்றது. வாடை போனால் வாயு போய்விட்டதென்று அர்த்தமில்லை. மூக்கு செத்துவிட்டதென்று அர்த்தம். அர்னுல்ஃபோவுக்கு அது தெரியும். ஓட நினைத்தான். முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான்.

எஃப்ரேனின் வாய் திறந்தது. நாக்கு தெரியவில்லை. இருட்டு. ஆழத்தில், இரும்பு ஏணியில் பூட்ஸ் சத்தம்.

ஒரு படி.

இன்னொரு படி.

"மேல யாருப்பா?" ஹெர்மியின் குரல். மூச்சு வாங்கும் குரல். "கையைக் குடு."

எண்ணெய் சொட்டும் நான்கு விரல்கள் எஃப்ரேனின் கீழ்ப்பல் வரிசையைப் பற்றின.