துரைக்கு வந்த நாக்கு

வெளிநாட்டில் குடிவந்த அன்று, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே கணவன் போட்ட முதல் சட்டம், இனி வீட்டுக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது.

"இந்த ஊர்க்காரங்களா மாறணும்னா வாயிலதான் ஆரம்பிக்கணும். புரியுதா?"

அதையும் அவன் தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விமானத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த அழகைப் பார்த்தே அவனுக்குத் துரை என்று மனசுக்குள் பட்டம் கட்டியிருந்தாள்.

மூன்றாவது மாடி. ஈரச்சுவரும் துருவும் கலந்த வாடை, எத்தனை நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தாலும் போகவில்லை. குளியலறைக்கு ஜன்னலே கிடையாது. வெள்ளை ஓடுகள், சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. உள்ளே நின்று இருமினால், அந்த இருமல் சற்றுத் தாமதித்துத் திரும்பி வந்தது.

சாவி கொடுத்த வீட்டுக்காரம்மா, "இங்க வர்றவங்க எல்லாரும் முதல்ல திக்கித் திணறுவாங்க. போகும்போது எங்களை மாதிரியே பேசுவாங்க" என்று அந்நாட்டு மொழியில் சொன்னாள். துரைக்கு வாயெல்லாம் பல்.

ஊரில் பிசியோதெரபி படித்துப் பெயரெடுத்தவள் அவள். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். முதியோர் இல்லமொன்றில் படுக்கை மாற்றி, வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலைதான் கிடைத்தது. துரை அதை ஊருக்குப் போனில் சொல்லும்போது, "ஆஸ்பத்திரில பெரிய பொறுப்பு" என்பான். அவன் மட்டும் என்ன கிழித்தான்? வாடிக்கையாளர்களோடு பேச உட்காரவைத்த அலுவலகம், அவன் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை என்று ஒரே வாரத்தில் பின்னறைக்குத் தள்ளிவிட்டது.

அன்றிலிருந்து பயிற்சி தொடங்கியது. காலையில் குளியலறையைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் உதட்டைக் குவித்து நாக்கை மடித்து அந்நாட்டு வணக்கத்தைச் சொல்லிப் பார்ப்பான். வெளியே காபி கலக்கும் அவளுக்கு, தொண்டையில் முள் சிக்கிய பூனை கதறுவது போலிருக்கும்.

அவளுக்கு வேலையில்லாத ஒரு காலை. துரை குடையோடு தெருவைக் கடப்பதை ஜன்னல் வழியே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

குளியலறைக்குள் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

அதே வணக்கம். அதே வாக்கியங்கள். அதே குரல். ஆனால் திக்கல் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு வந்தன.

கதவைத் தள்ளினாள்.

யாருமில்லை.

கண்ணாடியில் மட்டும், யாரோ மிக அருகே நின்று பேசியது போல வட்டமாக ஆவி படிந்திருந்தது. அவள் துடைத்தாள். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

மாலையில் அவனிடம் சொன்னாள். "பாத்ரூம்ல யாரோ பேசறாங்க. உங்க குரல்லயே."

"என்ன உளர்றே?"

"ஆனா உங்களைவிட நல்லா பேசறாங்க."

அவனுக்குப் பயம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. மறுநாள் உள்ளே போய் நெடுநேரம் நின்றான். அப்புறம் தினமும். உள்ளே ஒரு குரல் சொல்ல, இன்னொரு குரல் திருப்பிச் சொல்வது அடுப்படி வரை கேட்டது.

"உங்களுக்குப் பயமாவே இல்லையா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"இப்படி ஒரு வாத்தியார் யாருக்குக் கிடைப்பார், சொல்லு?"

ஓசியில் கிடைத்தால் பேயிடமும் பாடம் கேட்கிற ஜென்மம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

பாடம் பலித்தது. பின்னறையிலிருந்து முன்னுக்கு வந்தான். பிரிவுக்கே தலைவனானான். வீட்டுக்கு வந்த அதிகாரிகள் அவன் நகைச்சுவைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் தமிழ் அவனைவிட்டு ஒவ்வொரு சொல்லாக உதிர்ந்தது. ஒருநாள் தண்ணீர் என்ற சொல் வராமல் சைகை காட்டினான். இன்னொரு நாள் அவள் பெயரைத் தேடி விழித்தான். எல்லாம் பவிசு என்று அவள் உதட்டைச் சுழித்தாள்.

ஒரு ஞாயிறு மாலை அவன் அம்மா வீடியோவில் வந்தார். "கண்ணு, சாப்டியாடா? ஏன்டா இளைச்சிட்டே?"

அவன் திரையை மரியாதையாகப் பார்த்துப் புன்னகைத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பி, அந்நாட்டு மொழியில் கேட்டான்.

"யார் இந்த அம்மா? என்ன வேணுமாம்?"

"என்னம்மா ஆச்சு என் பிள்ளைக்கு?" என்று மாமியார் அலறினார்.

"ஒண்ணுமில்ல அத்தை. அப்புறம் கூப்பிடறேன்." போனை வைத்தாள். இது பவிசு இல்லை.

அவன் கூடத்தில் உட்கார்ந்து அதிகாரியோடு போனில் பேசிச் சிரிக்கத் தொடங்கினான். அப்போதுதான் குளியலறைக் கதவு உள்ளிருந்து தட்டப்பட்டது.

மெதுவாக. விரல் முட்டியால்.

"ஏய்... நான்தான்டி."

தமிழ். திக்கித் திணறும் பழைய குரல்.

"இங்க ரொம்ப இருட்டா இருக்கு. வெளிய வரத் தெரியலடி."

கூடத்தில் சிரிப்பு நின்றது.

அவள் கதவைத் திறந்தாள். யாருமில்லை. கண்ணாடிக்குள்ளே, அழுத்தி வைத்த இரண்டு உள்ளங்கைகளின் தடம். அவள் தன் கையை அதன்மேல் வைத்தாள். அந்த இடம் சூடாக இருந்தது.

"என்னங்க?"

பதில் பின்னாலிருந்து வந்தது, சுத்தமான அந்நாட்டு மொழியில். "அதைக் கண்டுக்காதே. கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

வாசலை அடைத்தாற்போல் அவன் நின்றிருந்தான். முகத்தில் அந்த மரியாதையான புன்னகை.

"உனக்கும் சொல்லித் தரட்டுமா?"

அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு, போட்ட செருப்போடு படியிறங்கி ஓடினாள். துரையின் சவடாலை வருஷக்கணக்கில் பொறுத்தவள், அந்தக் குரலின் கெஞ்சலுக்கு ஒரு நிமிஷம் நிற்கவில்லை.

கூட வேலை பார்ப்பவள் தன் அறையில் இடம் கொடுத்தாள். அவன் தேடி வரவில்லை. அவனுக்கு மேலும் ஒரு பதவி உயர்வு என்று கேள்விப்பட்டாள். நன்றாக இருக்கட்டும், எதுவாக இருந்தாலும், என்று காறித் துப்பாத குறையாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஒருநாள் காலை, முதியோர் இல்லத்தில் ஜன்னல் நிறைய வெயில். பக்கவாதம் வந்து பேச்சற்றுக் கிடக்கும் அந்நாட்டுப் பாட்டியம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து, புது விரிப்பை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். கிழவியின் வாய் மெல்லத் திறந்தது. இருமப் போகிறாளோ என்று குனிந்தாள்.

உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை.

தொண்டையின் அடியிலிருந்து, திக்கித் திணறி வந்தது.

"ஏய்... இங்கயும் இருட்டாதான்டி இருக்கு."