கழுத்தில் ஒரு பயம்

“துப்பட்டாவைக் கொஞ்சம் இறக்குங்க... கழுத்து தெரியணும்.”

“முகத்தைத்தானே எடுக்கறீங்க? கழுத்துக்கு என்ன வந்துச்சு?” சுள்ளென்று விழுந்தாள் அவள்.

வேலைக்கான படமாச்சே! வேறு வழியில்லாமல் இறக்கினாள். காதுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு வீக்கம்... போட்டோக்காரனின் கண்கள் அங்கேயே நின்றன. அய்யோ, கோபப்படக்கூட விடாத கண்கள்!

“வலிக்குதா?”

“இல்லை.”

“வலிக்கலைன்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க.”

“உங்க வேலையைப் பாருங்க!” வெடுக்கென்று எழுந்தாள். வெளியே கொட்டோ கொட்டென்று மழை. அவன் குடையை நீட்டினான். வீம்பு வேண்டாமென்றது, கை வாங்கிக்கொண்டது.

குடையைத் திருப்பித் தரப் போனாள். அப்புறம் காரணமே இல்லாமல் போனாள்...

அவன் நச்சரிப்பு தாங்காமல்தான் ஆஸ்பத்திரிக்கும் போனாள். கட்டியில் ஊசி குத்திப் பரிசோதித்தார்கள். “நிணநீர்க் கட்டியில காசநோய்மா. நுரையீரல் சுத்தமா இருக்கு, யாருக்கும் பரவாது. மாத்திரையை மட்டும் நடுவுல நிறுத்திடாதே” என்றார் டாக்டரம்மா. அவள் காதில் விழுந்தது காசநோய் மட்டும்தான். அம்மா வேறு, “வெளியே மூச்சு விடாதேடி! எவன் கட்டுவான் உன்னை?” என்று பயமுறுத்தினாள். அதோடு போட்டோக்கடைப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை.

மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். ஆனால் ஒருநாள் காலையில் தடவிப் பார்த்தால்... கட்டி பெரிதாகியிருந்தது! பக்கத்தில் இன்னொன்று வேறு. அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தாள். ஓடினாள்... போய் நின்ற இடம் அவன் கடை.

“எனக்குக் காசநோய். மருந்து சாப்பிட்டும் பெருசாகுது. செத்துடுவேன் போல...”

அவன் சட்டென்று எழுந்தான். கடையைச் சாத்திவிட்டு அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான்.

டாக்டரம்மா கட்டியை அழுத்திப் பார்த்தார். “மருந்து வேலை செய்யறப்போ சிலருக்கு இப்படி வீங்கும். உடனே காட்ட வந்தியே, நல்லது. மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடு. யாருக்கும் பரவாதுன்னு அன்னிக்கே சொன்னேனே, பயப்படாதே.”

வெளியே வந்ததும் அவள் ஒதுங்கி நடந்தாள். “தள்ளியே வாங்க...”

“பரவாதுன்னு சொன்னாங்களே?”

“நம்பவே பயமா இருக்கு.”

“எனக்கும் பயம்தான். கோவிச்சுட்டுத்தான் வரலைன்னு நினைச்சேன். இன்னிக்கு செத்துடுவேன்னு சொன்னீங்க பாருங்க... என் உயிரே போயிடுச்சு. உங்களை அவ்வளவு பிடிச்சிருக்கு.”

அவள் கண் நிறைந்துவிட்டது. “மாத்திரை இன்னும் பல மாசம்... இந்தக் கழுத்தோடதான் இருப்பேன்.”

“இருங்க. அது போதும்.”

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு” என்றாள் அவள், அழுதுகொண்டே.