பெமிலா என்று எழுதிய உடுப்பு

குளச்சல் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றை, இரண்டாம் அலையில் கொரோனா வார்டாக்கியிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பெமிலா தானும் நோயில் விழுந்து, வீட்டில் அடைந்து கிடந்துவிட்டு, அன்று மதியம்தான் வேலைக்குத் திரும்பினாள். வெள்ளை உடுப்புக்குள் போய்விட்டால் யார் யாரென்று தெரியாது. அதனால் நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். அவளும் எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் அவளுக்கு ராஜமணியின் நினைவுதான். இராஜாக்கமங்கலத்து மீன்பிடிக்காரர். குப்புறப் படுத்தால்தான் அவருடைய நுரையீரலுக்குக் காற்று எட்டும். வேறு யார் சொன்னாலும் கெட்ட வார்த்தைதான் வரும். பெமிலா சொன்னால் மட்டும் பிள்ளை மாதிரி திரும்பிப் படுப்பார்.

பிளீச்சிங் பவுடர் நெடி. ஜன்னலில் கட்டிய பிளாஸ்டிக் தாள் கடற்காற்றில் உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது.

ராஜமணி மல்லாந்து கிடந்தார். விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டர் எண்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது.

"குப்புறக் கிடங்க அண்ணாச்சி."

அவர் முகத்தில் குழப்பம். "நேத்து நீதானே மக்கா, இனி கஷ்டப்பட வேண்டாம், மலந்து கிடந்து கண்ண அடச்சாப் போதும்னு சொன்னே?"

பெமிலா திரும்பி நர்ஸ் ஸ்மைலினைப் பார்த்தாள். பெமிலா லீவில் போனபிறகு பிசியோவுக்கென்று ஒருவரும் வரவில்லை என்றாள் ஸ்மைலின்.

பெமிலா தினமும் வந்தாள் என்றார் ராஜமணி. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாளாம். கையுறை இல்லாமல்.

நல்ல குளிர்ந்த கையாம்.

செய்யக்கூடாததுதான். ஆனாலும் பெமிலா முகக்கவசத்தை இழுத்து இறக்கினாள்.

"பாருங்க. நான்தான் பெமிலா."

அவள் முகத்தை அவர் பார்ப்பது அதுதான் முதல்முறை. வெகுநேரம் பார்த்தார். பிறகு அவளுடைய ரப்பர் கையுறைப் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டார்.

"அவளும் மொகம் காட்டினா. இது அவளுக்க மொகம் இல்ல."

"அண்ணாச்சி..."

"நீங்க போங்கம்மா." முதல்தடவையாக அவளை 'நீங்க' என்றார். திட்டவில்லை. வழிதப்பி வந்தவளிடம் பேசுகிற மரியாதை. "எனக்க பெமிலா இப்ப வருவா."

அவளும் ஸ்மைலினும் சேர்ந்து புரட்டப் பார்த்தார்கள். ஒரு சொல்லுக்குத் திரும்பிய உடம்பு, கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டு அசைய மறுத்தது. டாக்டர் வந்தார். மீட்டர் இறங்கிக்கொண்டே போனது.

வெயில் தாழும்போது முடிந்துவிட்டது. கண்ணை அவரே அடைத்திருந்தார்.

துணியை இழுத்து மூடிவிட்டு பெமிலா நிமிர்ந்தாள்.

அடுத்த கட்டிலில் குப்புறக் கிடந்த விக்டோரியா, அன்று காலையில்தான் வந்து சேர்ந்தவள், மெல்ல மல்லாந்து படுத்தாள். அவள் பக்கத்தில் யாருமில்லை.

யாரோ சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, கட்டிலுக்கு வெளியே கையை நீட்டினாள்.