எழுதாதீங்க மேடம்

பள்ளிக்கூடத்தின் கோடியில், பழைய வரைபடங்களைச் சுருட்டிப் போட்டிருந்த அறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். பரீட்சையில் பார்வையில்லாத மாணவி விடையைச் சொல்லச் சொல்ல, நான் எழுத வேண்டும். தபால் நிலையக் கவுண்டரில் பதினெட்டு வருஷம் அடுத்தவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தவள் நான். இதென்ன பிரமாதம் என்றுதான் ஒப்புக்கொண்டேன்.

அம்மாக்காரி அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

"பாடமெல்லாம் இவ அக்காதான் வாசிச்சுக் காட்டுவா," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "நுரையீரல்ல சளி கட்டி, போன மாசம் போயிட்டா."

முதல் நாள் தமிழ். நான் கேள்வியைப் படித்ததும் சின்னவள் தலையை வலப்பக்கம் சாய்த்துக் கொஞ்சம் காத்திருப்பாள். பிறகு தடங்கலில்லாமல் சொல்வாள். யோசிக்கிறாள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் கணக்கு. "பிளஸ் ஏழு," என்றாள். எழுதப் போனேன்.

"மைனஸ்."

என் காதுக்குப் பக்கத்தில். மூச்சுத் திணறலோடு.

பேனா நழுவி விழுந்தது. அறை முழுக்க ஆஸ்பத்திரி நெடி.

"உங்களுக்கும் கேட்டுதா மேடம்?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அக்காதான். பரீட்சை முடியிறவரைக்கும் கூட இருக்கேன்னு சொல்லியிருக்கா."

அடுத்த பரீட்சைக்குப் போகவே கூடாதென்று இருந்தேன். நான் போகாவிட்டால் அந்தப் பிள்ளை எழுத முடியாது. போனேன்.

கடைசி நாள் அறிவியல். நாலு சின்னக் கேள்விகளுக்குச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"அடுத்ததச் சொல்லும்மா."

"சொல்ல மாட்டேன். ஃபெயில் ஆனா திரும்ப எழுதணும்ல? அதுவரைக்கும் அவ போக மாட்டா."

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே என் விரல்கள் விறைத்துப் போயின.

"எழுதுங்க."

இந்த முறை அந்தக் குரல் என்னிடமே பேசியது. ஒரு வரிக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கி, அமிலம், காரம், ஒளிவிலகல் என்று வரிசையாகச் சொல்லத் தொடங்கியது.

சின்னவள் மேஜையைத் தடவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க மேடம். கெஞ்சிக் கேக்கறேன்."

"எழுதுங்க. இவ வருஷம் வீணாயிடும்."

மாணவி சொல்லாததை எழுதக் கூடாது என்பது விதி.

எழுதினேன்.

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எழுதினேன். விடைக்கு விடை குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசிக் கேள்விக்கு வெறும் காற்றுதான் மிஞ்சியது. மணி அடித்தது.

அவள் தலையை வலப்பக்கம் சாய்த்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"அக்கா?"

ஒன்றுமில்லை.

"உங்களுக்காவது கேக்குதா மேடம்?"

"இல்லம்மா." அன்றைக்கு அது பொய்யில்லை.

ரிசல்ட் வந்த வாரம் அம்மாக்காரி என் கவுண்டருக்கு வந்தாள். பிள்ளை நல்ல மார்க்கில் பாஸ்.

"சந்தோஷமே இல்ல அவளுக்கு. சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டு அக்காவக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. ஒரே ஒரு தடவ பேசினா போதுமாம்."

கையெழுத்துப் போடுவதுபோல் பேனாவை எடுத்தேன்.

மருந்து நெடி.

வலது காதருகே யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுத்தார்கள். அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கேட்கவில்லை.

"அடுத்த கேள்வியப் படிங்க மேடம்."